கடதாசி மேசையிலும் ஒரு மத்தியஸ்தர்

கடதாசி விளையாட்டு என்றதுமே எமது உம்மாமார் முகம் சுளிப்பர். அதில் நியாயமும் உண்டு. ஆனால், இன்று பல நாடுகளில் பிள்ளைகள் சேகரித்து விளையாடும் படக் கடதாசிகள் வேறு வகையின. 'கூடாது' என்று சொல்லு முன் விவரத்தையும் அறிந்து கொள்வோமே!

இவ்வகைக்கு முன்னோடி 'மெஜிக்: த கெதரிங்'. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அமைத்தது. 1993 இல் வெளிவந்தது. ஆரம்ப விதிகளில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஆடுமுன் இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒரு கடதாசியைப் பாராமல் எடுத்து ஒதுக்கி வைப்பர். வென்றவருக்கு இரண்டும் சொந்தம். பணம் கைமாறவில்லை என்பதற்காக இது சூது அல்லாமற் போய்விடுமா? நல்ல வேளையாகச் சுற்றுப்போட்டிகளில் இவ்விதி விலக்கப்பட்டது. இன்று அங்கு பந்தயம் கட்டுவதே தண்டனைக்குரிய குற்றம்.

போட்டிகள் பெரும்பாலும் இக்கடதாசிகளை விற்கும் கடைகளிலேயே நடைபெறும். தோற்றவரை உடனே வெளியேற்றுவதில்லை. 1895 இல் சூரிச் நகரச் சதுரங்கப் போட்டியில் கையாளப்பட்ட 'சுவிஸ் முறை'யையே பின்பற்றுகின்றனர். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. ஒத்த புள்ளி பெற்றவர்கள் அடுத்த சுற்றில் சந்திப்பர். 8 பேருக்கு 3 சுற்றுகள், 32 பேருக்கு 5. முதற் சுற்றில் தோற்றுக் கண்கலங்கும் சிறுவனுக்கும் கடைசிச் சுற்றுவரை மேசையில் இடமுண்டு. வகுப்பறையில் காலம் கழிக்கும் எனக்கு இது மிகப் பிடித்துப் போனது.

மத்தியஸ்தரின் பணிதான் கடினம். பிணக்கு எழுந்தால் ஆடுபவர் கையை உயர்த்தி அவரை அழைப்பார். அவர் இருவரது பேச்சையும் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொல்வார். விதி என்னவென்று விளக்கலாம். எந்தக் கடதாசியைப் போடுவது என்று வாய் திறக்கக் கூடாது, ஆடுவது சொந்த மகனேயானாலும்! தீர்ப்பில் திருப்தியில்லாதவர் தலைமை மத்தியஸ்தரிடம் முறையிடலாம். அவர் சொல்லே இறுதியானது.

கட்டில் குறைந்தது 60 கடதாசிகள் இருக்க வேண்டும். சில அடிப்படைக் கடதாசிகள் நீங்கலாக, ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது. எண்ணிப் பார்க்கையில் ஒன்று பிழைத்தால் அது கவனக்குறைவா, கள்ளமா என்று மத்தியஸ்தர் விசாரிக்க வேண்டும். மறதி என்றால் சிறு தண்டனை. வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் போட்டியை விட்டே நீக்கம். செய்த காரியம் ஒன்றேதான். நிய்யத்தைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. இது எமக்குப் புதிய பாடமா என்ன?

நேரம் முடிந்தும் வெற்றி தோல்வி தெரியாவிட்டால், 'காசு சுண்டித் தீர்ப்போம்' என்று இருவர் பேசிக் கொள்வதுண்டு. அதுவும் குற்றமே, இருவருக்கும் கடும் தண்டனை கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் என் மனதில் ஓர் உறுத்தல் உண்டு. உள்ளே இருப்பது தெரியாமலேயே மூடிய பைக்கற்றுகளை வாங்குகிறார்கள். அரிய கடதாசி ஒன்று கிடைக்குமென்ற ஆசையில் பைக்கற்று மேல் பைக்கற்றாக உடைக்கிறார்கள். 2001 இல் சவூதி அரேபியா 'போக்கிமொன்' விளையாட்டைத் தடைசெய்தபோது சொல்லப்பட்ட காரணங்களுள் சூதும் ஒன்று.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகள் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பு முன் கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்கட்டும்: பரிசு யாருடைய பணம்? கடை தனது கையிலிருந்து தருவது ஒன்று. பிள்ளைகள் கட்டிய நுழைவுப் பணமே திரண்டு வென்றவனிடம் போய்ச் சேர்வது முற்றிலும் வேறொன்று.