"மூடியிருக்கிறது" என்று சொன்னது யார்?

விண்டோஸ் 10 கணினிகளுக்கு மைக்ரோசொப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை உண்டு. இந்தத் திகதிகளைப் பற்றி எழுதியபோது கடைசிப் பந்தியில் ஒரு வரியைப் போகிற போக்கில் சேர்த்திருந்தேன்: கடைக் கணினியையும் கெமராப் பெட்டியையும் இணையத்தோடு இணைத்திருப்பவர்கள் தங்கள் போர்ட் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கட்டுரையைப் பற்றி வந்த கடிதங்கள் இரண்டு. அந்த ஒரு வரியைப் பற்றி வந்தவை ஒரு கட்டு.

பெரும்பாலானவற்றில் ஒரே கதை. போர்ட் சோதிக்கும் பக்கம் ஒன்றைத் திறந்து, எண்ணைக் கொடுத்து, பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். "மூடப்பட்டுள்ளது" என்று வந்திருக்கிறது. கெமரா பூட்டினவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "நானா, மூடித்தான் கிடக்கு, பயப்பட ஒண்டுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கரைப்பற்றில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "போர்ட் மூடியிருக்கிறது என்கிறது பக்கம். ஆனால் தோஹாவில் இருக்கிற மகன் அங்கிருந்தே எங்கள் கடை லாச்சியைப் பார்க்கிறான். கதவு மூடியிருந்தால் அவன் எதற்குள்ளால் பார்க்கிறான்?" என்று கேட்டிருக்கிறார்.

கட்டிலேயே நல்ல கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்ல முதலில் அந்தப் பக்கம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பக்கம் பார்ப்பதில்லை, தட்டுகிறது

போர்ட் என்றால் என்ன என்பதற்குப் பாடநூல் வரைவிலக்கணம் வேண்டாம். நமக்கு ஒலுவில் போதும். 2013இல் துறைமுகம் திறந்தாயிற்று என்று அறிவித்தார்கள். வாயை மணல் அடைத்ததில் படகுகள் வெளியே நின்றன. திறப்பது அறிவிப்பு அல்ல, படகு உள்ளே போவது. கணினிப் போர்ட்டும் அப்படித்தான். ஒரு முகவரியில் 65,535 வாசல்கள் இருக்கலாம். ஒரு வாசலுக்குப் பின்னால் ஒரு மென்பொருள் காது கொடுத்துக்கொண்டிருந்தால் மட்டுமே அது திறந்த வாசல்.

சோதிக்கும் பக்கத்தின் பின்னால் இருப்பது பெரும்பாலும் சின்னதொரு ஸ்கிரிப்ட். பிஎச்பி மொழியில் ஒரே வரியில் எழுதிவிடலாம்: இந்த முகவரியின் இந்த வாசலைத் தட்டு, ஐந்து விநாடி பொறு. தட்டுவது உங்கள் கணினி அல்ல. அந்தப் பக்கம் குடியிருக்கும் வழங்கி, சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ இருந்துகொண்டு, உங்கள் வீட்டை நோக்கித் தட்டுகிறது.

தட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும். "வாங்க" என்று பதில் வரலாம். அது திறந்த வாசல். "இங்கே ஆளில்லை" என்று உள்ளிருந்தே ஒரு குரல் வரலாம். அந்த வாசலில் எந்த மென்பொருளும் இல்லை, ஆனால் வீடு இருக்கிறது, வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்பதைத் தட்டியவன் தெரிந்துகொள்கிறான். மூன்றாவது, மௌனம். "வாங்க" இல்லை, "போங்க" இல்லை, ஐந்து விநாடி ஓடிவிட்டது.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல. லினக்ஸ் வழங்கியில் ஓடும் ஸ்கிரிப்ட்டின் கைக்கு அவை வெவ்வேறு எண்களாகவே வந்து சேருகின்றன: மறுப்புக்கு 111, மௌனத்துக்கு 110. வித்தியாசம் ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியும். அதை எழுதியவர்தான் அடுத்த வரியில் "இணைந்தால் திறந்தது, இல்லாவிட்டால் மூடியது" என்று இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டிவிடுகிறார். என்னை உறுத்துவது இந்த ஒரு வரிதான். இயந்திரம் "தெரியவில்லை" என்று சொன்னதை மனிதர் "மூடியிருக்கிறது" என்று மொழிபெயர்த்துக் கொடுக்கிறார். நாம் அதை நற்சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

மௌனத்துக்கு எத்தனையோ காரணங்கள். தடுப்பு மென்பொருள் ஒன்று தட்டலை விழுங்கியிருக்கலாம். இது நல்ல மௌனம். கரண்ட் போய்க் கெமராப் பெட்டி அணைந்திருக்கலாம். கரண்ட் வந்ததும் வாசல் திறந்துவிடும். பக்கம் குடியிருக்கும் மலிவு வழங்கியே வெளியே போகும் தட்டல்களைத் தடுத்து வைத்திருக்கலாம்; அப்படியென்றால் தட்டல் உங்கள் வீட்டு ஒழுங்கைக்கே வரவில்லை. முதல் தட்டல் வழியில் தொலைந்து, இரண்டாவது தட்டல் புறப்படுவதற்குள் ஒரு விநாடிதான் பொறுப்பேன் என்று ஸ்கிரிப்ட் கடையைக் கட்டியிருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் திரையில் ஒரே சொல்.

தட்டியது உங்கள் கதவைத்தானா?

இன்னொரு காரணம் நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். உலகிலுள்ள பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிப் பொதிக்கு வந்துவிட்டது. அதனால் சேவை வழங்குநர்கள் ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை அடுக்கத் தொடங்கினார்கள். இதற்கென்றே 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. சிம் போட்டு ஓடும் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த அடுக்குக்குள்தான் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர் சோதித்துப் பார்க்கும்போது ஸ்கிரிப்ட் தட்டுவது நிறுவனத்தின் முன்வாசலை. உள்ளே எந்த அறை உங்களுடையது என்று அதற்குத் தெரியாது. வரும் பதில் நிறுவனத்தின் பதில். "உங்களுக்கு இது மேலதிகப் பாதுகாப்பு" என்று விற்பனை முகவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முகவரிப் பஞ்சத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. வெளியாள் நேரே வந்து தட்ட முடியாமல் போவது அதன் பக்கவிளைவு. பஞ்சத்துக்குப் பாதுகாப்பு என்று பேர் வைத்தால் விலை சொல்ல வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் அடுக்குக்குள் இருக்கிறீர்களா என்று அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வெளிப்புற முகவரி என்று ஓர் எண் இருக்கும். சோதிக்கும் பக்கம் உங்கள் முகவரி என்று இன்னோர் எண்ணைக் காட்டும். இரண்டும் ஒன்றானால் தட்டுவது உங்கள் கதவை. வேறுவேறானால், அல்லது ரவுட்டரில் இருப்பது மேலே சொன்ன 100 வரிசை எண்ணானால், அந்தப் பக்கம் உங்களைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

அப்படியானால் மகன் எப்படிப் பார்க்கிறான்?

ஹார்ட்வெயார் கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். இன்று விற்பனையாகும் கெமராப் பெட்டிகளில் பலவற்றுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து தட்ட வேண்டியதே இல்லை. பெட்டி தானே எழுந்து வெளியே போகிறது. தயாரித்த நிறுவனத்தின் வழங்கிக்குப் போய் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தோஹாவில் மகன் கைத்தொலைபேசிச் செயலியைத் திறந்ததும் அதுவும் அதே வழங்கிக்குப் போகிறது. வழங்கி இருவரையும் சேர்த்துவைக்கிறது. முடியாவிட்டால் படத்தைத் தானே கைமாற்றிக் கொடுக்கிறது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரத்தைச் செயலியில் காட்டச் சொன்னது இந்த அறிமுகத்துக்காகத்தான்.

உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பை ரவுட்டரும் தடுக்காது, முகவரி அடுக்கும் தடுக்காது. ஆகவே போர்ட் மூடியிருப்பதும் உண்மை, மகன் லாச்சியைப் பார்ப்பதும் உண்மை. பூட்டிய முன்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பின்கதவால் வீட்டுப் பிள்ளையே போய்வருவது அதன் கணக்கில் இல்லை.

இந்தப் பின்கதவும் சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. பல மலிவுக் கெமராக்களில் பயன்பட்ட இத்தகைய மென்பொருள் ஒன்றின் குறைகளை 2019இல் போல் மராப்பீஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். சாதன இலக்கங்களை ஊகித்தே அணுகக்கூடியவையாக 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சாதனங்கள் இருந்தன. அவற்றின் போர்ட்டைச் சோதித்திருந்தால் மூடியிருக்கிறது என்றுதான் வந்திருக்கும்.

திறந்திருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

"எங்கள் சின்னக் கடையை யார் தேடி வரப்போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு: யாரும் உங்களைத் தேடுவதில்லை, எல்லா வீட்டையும் தட்டுகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட சிமாப் கருவி, ஒரு கணினியைக் கொண்டு இணையத்தின் அத்தனை பழைய வகை முகவரிகளிலும் ஒரு வாசலை 45 நிமிடத்துக்குள் தட்டி முடித்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல், 60க்கு மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொல் சோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு கெமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. 2017 மே மாதம் வொன்னாக்கிறை பரவியது 445ஆம் வாசல் வழியே. 2021இல் ஹிக்விஷன் கெமராக்களில் வெளிப்பட்ட குறைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை.

திறந்த வாசல் தனியே ஆபத்தில்லை. அதன் பின்னால் திருத்தம் நின்றுபோன மென்பொருள் இருப்பதே ஆபத்து. அதனால்தான் தொடக்கத்தில் சொன்ன விண்டோஸ் 10 திகதிகள் முக்கியம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக்கணினி மீட்புப்பணத் தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அங்கே ஓடியது மைக்ரோசொப்டின் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அதே ஆண்டு ஏப்ரலில் முடிந்திருந்தது. பணம் இல்லாததால் புதுப்பிப்பது தள்ளிப்போனது என்றார்கள். அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்தக் கதி.

மிச்சக் கேள்விகள், சுருக்கமாக

எந்த எண்களைச் சோதிப்பது? கணினிக்கு 3389, 445. ரவுட்டருக்கு 23, 80, 8080. கெமராப் பெட்டிக்கு 80, 554, 8000, 37777.

எங்கிருந்து சோதிப்பது? வெளியிலிருந்து, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, வீட்டு முகவரியைக் கையால் எழுதிக் கொடுத்து. கைத்தொலைபேசி டேட்டாவில் இருந்துகொண்டு பொத்தானை மட்டும் அழுத்தினால் தட்டுப்படுவது தொலைபேசி நிறுவனத்தின் கதவு.

மூன்று பதிலையும் பிரித்துச் சொல்லும் கருவி உண்டா? உண்டு, 1997 முதல் இருக்கும் என்மாப் இலவசம்.

யூடிபி போர்ட்டுக்கும் இதே சோதனை பொருந்துமா? பொருந்தாது, அங்கே மௌனமே வழமை.

போர்ட் எண்ணை மாற்றிவிட்டால் போதுமா? தட்டுகிறவனுக்குக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே.

நான் திறக்காமலே திறந்திருக்கிறதே? உள்ளிருக்கும் கருவிகள் தாமே வாசல் திறக்க விடும் யூபிஎன்பி வசதி ரவுட்டரில் இயங்கக்கூடும், நிறுத்துங்கள்.

ஒரு வலைப்பக்கம் என் கணினிக்குள்ளிருந்தே தட்டுமா? தட்டும், 2020இல் ஈபே தன் பக்கத்துக்கு வந்தவர்களின் கணினிகளில் 14 வாசல்களைத் தட்டியது வெளியானது, 2025 அக்டோபர் முதல் குரோம் இதற்கு உங்கள் அனுமதி கேட்கிறது, காரணம் தெரியாவிட்டால் கொடுக்காதீர்கள்.

பக்கத்துக் கடையின் முகவரியைப் போட்டுப் பார்க்கலாமா? வேண்டாம், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது.

"திறந்திருக்கிறது" என்று வந்தால் நம்பலாமா? அநேகமாக நம்பலாம், பதில் சொல்ல அங்கே ஒன்று இருக்கிறது, அது உங்களுடையதுதானா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

"மூடப்பட்டுள்ளது" என்று வந்தால்? பக்கத்தை மூடிவிட்டு, கெமராச் செயலியின் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள். பூட்டினவர் அன்றைக்குப் போட்டுத் தந்தது அவருக்கும் தெரியும்.