ஒத்த வால்வைத் தேர்ந்தெடுத்தல்

ஐதராபாத்துக்கு மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் நீர் பெருங்குழாய்கள் வழியே வருகிறது. அக்குழாய்களில் நீரைத் திறக்கவும் அடைக்கவும் பயன்படும் கருவி வால்வு ஆகும். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் திருகும் ஒரு சிறு வால்வே.

பழுதான வால்வைச் செய்த நிறுவனம் அவ்வகையைச் செய்வதை நிறுத்திவிட்டால், வேறு நிறுவனத்தை நாட வேண்டும். அப்போது தோற்றமும் விலையும் மட்டும் பார்த்தால் போதாது. விட்டம், நீளம், இணைப்புத் துளைகள், உலோகம், தாங்கும் அழுத்தம் ஆகிய ஐந்தையும் ஒப்பிட வேண்டும்.

குடிநீர்க் குழாய்களுக்குரிய ஸ்லூயிஸ் வால்வுக்கு ஐ.எஸ். 14846 என்னும் இந்தியத் தரம் உண்டு. அதில் பி.என். 1.0, பி.என். 1.6 என இரு அழுத்த வகைகள் உள்ளன. முதல் வகை ஏறத்தாழ 100 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தையும், இரண்டாவது 160 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தையும் தாங்கும். இரண்டாம் வகை தேவைப்படும் இடத்தில் விலை குறைவென முதல் வகையைப் பொருத்தினால், வால்வு வெடிக்கலாம். தெரு முழுவதும் குடிநீரின்றித் தவிக்கும்.

வால்வின் உடற்பகுதியை ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதிப்பர். அச்சோதனைச் சான்றிதழையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். கோயம்புத்தூரில் செய்ததாயினும் கொல்கத்தாவில் செய்ததாயினும், இவையனைத்தும் பொருந்தும் வால்வே ஒத்த வால்வு.