பேனா எத்தனை, சார்?

உள்ளே வந்தாயிற்று! கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையம். கைப்பேசி வாசலோடு போச்சு. சட்டையில் கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ், புருவம்வரை இறங்கும் ஹெல்மெட். நல்லவேளை, பக்கத்தில் கண்ணாடி இல்லை.

கூட்டிப்போகிறவர் தர உறுதிப் பிரிவின் தலைவர். பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து, உரிமத் தேர்வுகள் எழுதி, ஷிப்டை நடத்தும் நாற்காலிவரை உயர்ந்து, பிறகு இங்கே வந்தவர். “அப்போ தர உறுதிக்காரரைப் பார்த்தா நான் ஒளிவேன். இப்போ நான் டீ குடிக்கப் போனா பெஞ்சு காலியாகிடுது!”

கட்டுப்பாட்டு அறையில் சினிமா சைரனை எதிர்பார்த்தேன். கிடைத்தது ஒப்பித்தல். ஒருவர் வால்வு எண்ணைச் சொல்கிறார், அடுத்தவர் அதையே திருப்பிச் சொல்கிறார், முதலாமவர் ‘சரி’ என்ற பிறகுதான் கை நகர்கிறது. தலைவருக்கு இந்த முப்பது வருஷப் பழக்கம் வீடுவரை போயிருக்கிறது. “ரெண்டு கிலோ தக்காளின்னு வீட்டம்மா சொன்னா, நானும் ரெண்டு கிலோ தக்காளின்னு சொல்லிட்டு, அவங்க சரிங்கிற வரைக்கும் வாசல்லயே நிப்பேன்.”

பம்பு அறையில் உப்புக்காற்று. நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீர் வருவது இந்த வழியாகத்தான். சொறிமீன் கூட்டமும் அழையா விருந்தாளியாக வந்து வலையை அடைக்குமாம். 2004 சுனாமி நீர் புகுந்ததும் இங்கேதான். ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது யூனிட்டை ஷிப்டில் இருந்தவர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் மனிதர் சிரிக்கவில்லை.

அவர் அறையில் உட்கார இடமில்லை. நாற்காலியிலும் கோப்பு! பற்றவைப்பு ஒவ்வொன்றுக்கும் தாள், தாளுக்குக் கையெழுத்து. ஒரு மூலையில் மட்டும் முறுக்கு டப்பா. அதற்குப் பதிவேடு கிடையாதாம், விசாரித்துவிட்டேன்.

கடைசியாக டர்பைன் கூடம். முதல் யூனிட் 1984லும் இரண்டாவது 1986லும் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை. பராமரிப்புக்குப் பிரித்துப் போட்ட டர்பைனைச் சுற்றிக் கயிறு, புழுக்கம், பனியன் நனைந்த ஆட்கள். கயிற்றைத் தாண்ட வேண்டுமானால் உடம்பிலுள்ள ஒவ்வொரு பொருளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மறந்துபோன ஒரு திருகாணி இயந்திரத்துக்குள் கிடந்தால்? என் மூக்குக்கண்ணாடிக்கும் கயிறு கட்டினார்கள்.

வெளியே வரும்போது பதிவேட்டுப் பையன் விரலால் வரியைத் தடவினான். “கண்ணாடி ஒண்ணு, நோட்டு ஒண்ணு... பேனா?”

சட்டைப்பையில் இல்லை. நோட்டுக்குள்ளும் இல்லை. வேலை நின்றது. ஆறேழு பேர் என்னையே பார்க்கிறார்கள். வியர்த்துக் கொட்டியது. தலைவர் என்னை மேலும் கீழுமாக நிதானமாக ஆராய்ந்துவிட்டு, ஹெல்மெட்டுக்குக் கீழே, என் காதோரம் கை நீட்டினார்.

“பேனா ஒண்ணு,” என்றார்.

“பேனா ஒண்ணு,” என்றான் பையன், எழுதிக்கொண்டே.