எழுத்தே தொழிலாக: கும்பகோணம் எழுத்தாளர்களின் வாழ்வாதாரமும் எம்.வி. வெங்கட்ராமின் கூலி எழுத்தும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புனைகதை வளர்ச்சியில் கும்பகோணத்திற்குத் தனியிடம் உண்டு. அவ்வூர் எழுத்தாளர்களின் படைப்புகள் விரிவாக ஆராயப்பட்ட அளவிற்கு அவர்களது வாழ்வாதாரம் ஆராயப்படவில்லை. மாதச் சம்பளமின்றி எழுத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த சுயேச்சை எழுத்தாளரின் தொழில்நிலையை எம்.வி. வெங்கட்ராமின் வாழ்வை முதன்மைச் சான்றாகவும் கு.ப. ராஜகோபாலனின் வாழ்வை ஒப்பீட்டுச் சான்றாகவும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பதிப்பாளரின் தேவைக்காக எழுதப்பட்ட நூல்களும் ஆய்வுக்குரியன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: சுயேச்சை எழுத்தாளர், கும்பகோணம், எம்.வி. வெங்கட்ராம், கு.ப.ரா., கூலி எழுத்து, பதிப்புரிமை.

முன்னுரை

காவிரிப் படுகையில் நிலமும் நெல்லும் செல்வத்தின் அடிப்படையாக இருந்தன. அவற்றோடு அரசு உத்தியோகம், வக்கீல் தொழில், ஆசிரியப் பணி, பட்டு நெசவு ஆகியவை கும்பகோணத்து நடுத்தர வகுப்பினருக்கு வாழ்வளித்தன. எழுத்து இவற்றுள் ஒன்றாக எண்ணப்படவில்லை. அவ்வட்டாரத்தின் முன்னணி எழுத்தாளர்கள் பலர் வேறொரு தொழிலின் துணையோடுதான் எழுதினர். ந. பிச்சமூர்த்தி (1900-1976) வக்கீலாகவும் பின்னர்க் கோயில் நிர்வாக அதிகாரியாகவும் பணியாற்றினார். தி. ஜானகிராமன் (1921-1982) பள்ளி ஆசிரியராக இருந்து வானொலிப் பணிக்குச் சென்றார். கரிச்சான் குஞ்சு (1919-1992) ஆசிரியப் பணியில் இருந்தார். இவர்களுக்கு ஒரு கதை விலைபோகாமல் இருப்பதால் அடுப்பு அணைந்துவிடாது. அந்தப் பாதுகாப்பு இல்லாத இருவரே இக்கட்டுரையின் பொருளாவர்.

கு.ப.ரா.: உத்தியோகம் இழந்தபின்

கு.ப. ராஜகோபாலன் (1902-1944) கும்பகோணத்தில் பிறந்து, பட்டப்படிப்புக்குப்பின் மதுரை மாவட்டம் மேலூரில் வருவாய்த்துறைப் பணியில் சேர்ந்தார். கண்புரை நோயால் பார்வை குன்றவே உத்தியோகத்தை விட நேர்ந்தது. சிகிச்சையால் பார்வை மீண்டபோதிலும் பழைய வேலை மீளவில்லை. அதன்பின் எழுத்தே பிழைப்பாயிற்று.

‘மணிக்கொடி’ முதலிய இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளே அவரது புகழுக்குக் காரணம். ஆயினும் அவர் எழுதியவை சிறுகதைகள் மட்டும் அல்ல. மொழிபெயர்ப்பு, வாழ்க்கை வரலாறு, கட்டுரை, நாடகம் எனப் பல வகைகளிலும் அவர் உழைத்தார். ஸ்டீவன்சனின் நாவலொன்றை ‘இரட்டை மனிதன்’ என்ற பெயரில் தமிழாக்கினார். இறுதிக் காலத்தில் துறையூரிலிருந்து வெளிவந்த ‘கிராம ஊழியன்’ இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். 1944ஆம் ஆண்டு காலில் ஏற்பட்ட நோய் முற்றி, 42ஆம் வயதில் மறைந்தார். ஒரே மனிதர் இத்தனை வகைகளில் எழுதியதை ஆர்வத்தின் விரிவு என்று மட்டும் கொள்ள இயலாது. எந்த ஒரு வகையும் தனித்துக் குடும்பத்தைக் காக்கும் அளவிற்கு ஊதியம் தராத நிலையில், பல வகைகளையும் கையாள்வது சுயேச்சை எழுத்தாளருக்குத் தொழில் நியதியாகிறது.

எம்.வி. வெங்கட்ராம்: வணிகரும் எழுத்தாளரும்

எம்.வி. வெங்கட்ராம் (1920-2000) கும்பகோணத்தின் சௌராஷ்டிர சமூகத்தைச் சேர்ந்தவர். அவரது முதல் சிறுகதையான ‘சிட்டுக்குருவி’ 1936ஆம் ஆண்டு ‘மணிக்கொடி’யில் வெளிவந்தபோது அவருக்கு வயது 16. பொருளியலில் பட்டம் பெற்றபின் குடும்பம் சார்ந்த பட்டு, ஜரிகை வணிகத்தில் ஈடுபட்டார்.

வணிகம் செழித்திருந்த காலத்தில் எழுத்து அவருக்கு வருவாய்க்கான வழியாக இருக்கவில்லை. செலவுக்கான வழியாகவே இருந்தது. 1948இல் அவர் கும்பகோணத்திலிருந்து தொடங்கிய ‘தேனீ’ என்னும் இலக்கிய இதழ் இதற்குச் சான்று. அது நீண்டநாள் நீடிக்கவில்லை. பின்னர் வணிகம் நொடித்தது. பிறருடைய எழுத்தை வெளியிடுவதற்குத் தம் பணத்தைச் செலவிட்டவர், பிறருக்காக எழுதிக் கொடுத்துப் பணம் பெறும் நிலைக்கு வந்தார். இதழ் உரிமையாளர், கூலி எழுத்தாளர் ஆகிய இரு முனைகளிலும் நின்றவர் என்பதே அவரது தொழில்வாழ்வின் தனித்தன்மை.

சென்னைப் பதிப்பகமான பழனியப்பா பிரதர்ஸுக்காக அவர் நாட்டுத் தலைவர்கள், சான்றோர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளைச் சிறுநூல்களாகத் தொடர்ந்து எழுதினார். மொழிபெயர்ப்புகளும் செய்தார். எண்ணிக்கையில் இவை அவரது நாவல்களைவிடப் பன்மடங்கு மிகுதி.

கூலி நெசவும் கூலி எழுத்தும்

இவ்வகை எழுத்தின் இயக்கத்தை விளங்கிக்கொள்ள வெங்கட்ராம் நன்கறிந்த நெசவுத் தொழிலே ஏற்ற ஒப்புமையாகும். கூலி நெசவில் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. சேலையின் நீளம், கரை, நிறம் ஆகியவற்றையும் அவரே முடிவு செய்வார். நெசவாளர் தறியில் உழைத்து, நெய்த சேலைக்குரிய கூலியைப் பெறுவார். சேலை கடையில் என்ன விலைக்குப் போனாலும் அதில் அவருக்குப் பங்கில்லை. சேலை முடியாதவரை கூலியும் இல்லை.

பதிப்பாளருக்காக எழுதும் சிறுநூலும் ஏறத்தாழ இவ்வாறே உருவாகிறது. எவரைப் பற்றி எழுத வேண்டும், எத்தனை பக்கம், எந்த வயதினருக்கு என்பன முன்கூட்டியே வரையறுக்கப்படுகின்றன. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்திற்குப்பின் விரிவடைந்த நூலகங்களும் பள்ளிகளும் இத்தகைய நூல்களுக்குச் சந்தையாயின. எழுத்தாளர் கையெழுத்துப் படியை ஒப்படைத்ததும் ஒரு தொகை கிடைக்கும். உரிமையையும் சேர்த்து விற்றுவிட்டால், பின்வரும் பதிப்புகளால் அவருக்குப் பயனில்லை.

எனினும் சட்டத்தின் பார்வையில் ஒரு வேறுபாடு உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எழுதியவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. பணி ஒப்பந்தத்தின்கீழ்ச் சம்பளம் பெறும் ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதுவது பொதுவாக முதலாளிக்கு உரியது. சுயேச்சை எழுத்தாளர் அத்தகைய ஊழியர் அல்லர். ஆகவே அவர் எழுத்துமூலம் ஒப்படைக்காதவரை உரிமை அவரிடமே தங்கும். ஒப்படைப்பில் கால அளவு குறிக்கப்படாவிடில் அது ஐந்தாண்டாகவே கொள்ளப்படும் என்ற பாதுகாப்பும் இன்று உள்ளது. ஆனால் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் செய்யப்பட்ட ஒப்படைப்புகளுக்கு அது பொருந்தாது. கு.ப.ரா., வெங்கட்ராம் போன்றோர் எழுத்தால் பிழைத்த ஆண்டுகளுள் பெரும்பகுதி இதற்கு முற்பட்டது. நெசவாளரிடம் இல்லாத உரிமை எழுத்தாளரிடம் சட்டப்படி இருந்தது. அவசரத் தேவை அவரை அதை விற்கச் செய்தது.

படைப்பின்மீது தொழிலின் தாக்கம்

கூலி எழுத்து படைப்பாற்றலை அழித்துவிடும் என்பது பரவலான கருத்து. வெங்கட்ராமின் வாழ்வு இதனை ஓரளவே உறுதிசெய்கிறது. அவரது நேரத்தின் பெரும்பகுதியை அது விழுங்கியது உண்மை. ஆனால் மகாபாரத மாதவியின் கதையை மறுஆக்கம் செய்த ‘நித்யகன்னி’, கும்பகோணச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வைக் களமாகக் கொண்ட ‘வேள்வித் தீ’ ஆகிய நாவல்களும் அதே கையிலிருந்து வந்தவையே.

‘காதுகள்’ நாவல் இவ்வகையில் முக்கியமானது. அதன் நாயகனான மகாலிங்கம் ஓர் எழுத்தாளன். தன் காதுகளுக்குள் இடையறாது ஒலிக்கும் குரல்களால் அவன் அலைக்கழிக்கப்படுகிறான். தம் சொந்த அனுபவமே அந்நாவலின் அடிப்படை என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. 1992இல் வெளிவந்த இந்நாவலுக்கு 1993ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. முதல் கதைக்கும் இவ்விருதுக்கும் இடைப்பட்ட காலம் 57 ஆண்டுகள். இந்நாவல் பெரும்பாலும் உளவியல், ஆன்மிக நோக்குகளிலேயே வாசிக்கப்படுகிறது. உள்ளிருந்து ஒலிக்கும் குரல்களோடு போராடும் ஒருவன், அதே வேளையில் குடும்பத்தின் வறுமையையும் எதிர்கொள்கிறான் என்பதைக் கருதினால் அதனைத் தொழில்வாழ்வின் ஆவணமாகவும் வாசிக்க இடமுண்டு. மாதச் சம்பளக்காரருக்கு நோய்க்கால விடுப்பு உண்டு. சுயேச்சை எழுத்தாளருக்கு அது இல்லை.

ஆய்வு நோக்கில் சில முன்மொழிவுகள்

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கூலிக்கு எழுதியோரின் பெயரோடு இணைந்த ‘கிரப் தெரு’ ஆங்கில இலக்கிய வரலாற்றில் தனி ஆய்வுப்பொருளாகியுள்ளது. சாமுவேல் ஜான்சனின் பெருமையைப் பேசுவோர் அவர் இதழ்களுக்காகக் கூலிக்கு எழுதிய ஆண்டுகளையும் சேர்த்தே பேசுகின்றனர். தமிழில் அத்தகைய நூல்கள், ‘பல வாழ்க்கை வரலாறுகளும் எழுதியுள்ளார்’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன.

இக்குறையை நீக்க மூன்று பணிகள் தேவை. முதலாவது, சுயேச்சை எழுத்தாளர்களின் நூல்கள் அனைத்தையும் படைப்பு, கூலி எழுத்து என்ற பாகுபாடின்றிப் பதிப்பாண்டு வரிசையில் அடைவுபடுத்துதல். இரண்டாவது, பதிப்பக ஒப்பந்தங்கள், கடிதங்கள், கணக்கேடுகள் ஆகியவற்றை இலக்கிய ஆவணங்களாகக் கருதித் திரட்டுதல். மூன்றாவது, ஒரே காலகட்டத்தில் எழுதப்பட்ட நாவலையும் சிறுநூலையும் நடை, கட்டமைப்பு அடிப்படையில் ஒப்பிடுதல். சிறுநூல்கள் மலிவுத்தாளில் அச்சாகிப் பள்ளி நூலகங்களில் புழங்கியவை. கழிக்கப்படும் நூல்களோடு அவை முதலில் மறைவதால் முதற்பணி காலத்தாழ்வுக்கு உரியதன்று.

முடிவுரை

கும்பகோணம் தமிழுக்கு அளித்த இலக்கியச் செல்வத்தின் பின்னால் இருவகை உழைப்பு உள்ளது. ஒன்று, உத்தியோகத்தின் நிழலில் எழுந்தது; மற்றொன்று, எழுதினால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையில் எழுந்தது. கு.ப.ரா.வும் எம்.வி. வெங்கட்ராமும் இரண்டாம் வகையினர். அவர்களது கூலி எழுத்தை விலக்கிவிட்டு எழுதப்படும் இலக்கிய வரலாறு, அவர்களது வேலைநாள்களின் பெரும்பகுதியை விலக்கிவிடுகிறது. ஒருவர் எதை எழுதினார் என்பதோடு, அதை எழுதும் நேரத்தை எதை விற்று வாங்கினார் என்பதும் இலக்கிய வரலாற்றின் வினாவாக வேண்டும்.