பொட்டாசியம் மருந்து உட்கொண்டும் அளவு உயராதது ஏன்? மக்னீசியத்தின் பங்கு

இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், கல்லீரல் நோய் ஆகியவற்றிற்காக ‘நீர் மாத்திரை’ எனப்படும் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளை உட்கொள்வோரில் பலருக்குச் சிறுநீர் வழியே பொட்டாசியம் வெளியேறுகிறது. இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் பொட்டாசியக் குறைவு எனப்படும். சிலருக்கு, பொட்டாசியம் மருந்தைத் தவறாமல் உட்கொண்டும் இவ்வளவு உயர்வதில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை என வீட்டார் நோயாளியைக் கடிந்துகொள்வதும் உண்டு. அவ்வாறு முடிவு செய்வதற்கு முன் மக்னீசியத்தின் அளவைப் பரிசோதிக்க வேண்டும்.

சிறுநீரக உயிரணுக்களின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறுவதற்கான நுண்ணிய புரத வாயில்கள் உள்ளன. இவை அயனித் தடங்கள் எனப்படும். உயிரணுவின் உள்ளே இருக்கும் மக்னீசிய அயனி, இவ்வாயிலில் தக்கைபோல் அமர்ந்து பொட்டாசியம் வெளியேறுவதைக் கட்டுப்படுத்துகிறது. மக்னீசியம் குறைந்தால் தக்கை விலகுகிறது. கொடுத்த பொட்டாசியமும் சிறுநீரில் கலந்து போய்விடுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போன்ற நிலை இது.

இவ்வாயில் திறந்திருக்க, சவ்விலுள்ள பிஐபி2 என்னும் கொழுப்பு மூலக்கூறு அதனுடன் பிணைந்திருக்க வேண்டும். இது 1998-இல் கண்டறியப்பட்டது. இப்பிணைப்பின் வடிவத்தை, 2003-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ராடரிக் மெக்கின்னனின் குழு 2011-இல் படம்பிடித்துக் காட்டியது. பிஐபி2 எதிர்மின்சுமை மிகுந்தது. நேர்மின்சுமை கொண்ட மக்னீசிய அயனி அதனை மறைத்து, வாயிலுடன் அது பிணைவதைத் தளர்த்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. இப்பிணைப்பு பிறவியிலேயே பழுதுபட்டால் நேரும் விளைவுக்கு ஆண்டர்சன்-டவில் நோய் எடுத்துக்காட்டாகும். அவ்வப்போது தசைகள் செயலிழப்பதும் இதயத்துடிப்பு சீர்கெடுவதும் இவ்வரிய நோயின் அறிகுறிகள்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பல ஊர்களில் கிணற்று நீர் கடின நீராக உள்ளது. ‘இந்த நீரைப் பருகும் எங்களுக்கு மக்னீசியம் எப்படிக் குறையும்?’ எனச் சிலர் வினவுவது நியாயமே. கடின நீரில் மக்னீசியம் உண்டு. ஆயினும் நீர் மாத்திரை, நாட்பட்ட வயிற்றுப்போக்கு, மதுப்பழக்கம், ஒமிப்ரசோல் போன்ற அமிலத் தடுப்பு மருந்துகளின் நீண்டகாலப் பயன்பாடு ஆகியவற்றால் ஏற்படும் இழப்பை அது ஈடு செய்யும் என நம்பியிருத்தல் கூடாது. மேலும், உடலிலுள்ள மக்னீசியத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடே இரத்தத்தில் உள்ளது. எனவே பரிசோதனை முடிவு இயல்பாக இருந்தும் உடலின் இருப்பு குறைந்திருக்கக்கூடும்.

கம்பு, கீரை, நிலக்கடலை, எள், முந்திரி ஆகியவற்றில் மக்னீசியம் நிறைந்துள்ளது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் இவற்றை மருத்துவரிடம் கேட்ட பின்னரே மிகுதியாக உண்ணலாம். அவர்களது உடலில் மக்னீசியமும் பொட்டாசியமும் வெளியேறாமல் தேங்கும். இளநீர், ‘சோடியம் குறைந்த’ உப்பு, மக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவை அவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கெண்டைக்கால் பிடிப்பு, கை கால் தளர்ச்சி, படபடப்பு தொடர்ந்தால், உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளுடனும் அரசு மருத்துவமனையை அணுகி, பொட்டாசியம், மக்னீசியம், கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் பரிசோதிக்குமாறு கேட்க வேண்டும். மயக்கமோ திடீர்த் தசைச் செயலிழப்போ ஏற்பட்டால் உடனே 108-ஐ அழைக்கவும்.