ஊர்ப் பொதுக் குலுக்கை

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடு வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு இல்லை. கால்வாய்ப் பாசனம் இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில்தான் கம்பும் சோளமும் வீடு வந்து சேரும். ஆகவே முன் காலத்தில் ஐப்பசி என்றாலே ஏழைக் குடும்பங்களுக்கு நெஞ்சில் திகில்தான். குலுக்கை என்னும் மண் குதிரின் அடி தெரிய ஆரம்பிக்கும் மாதம் அது.

பல வருஷங்களுக்கு முன் மழை பொய்த்த ஓர் ஐப்பசியில், பக்கத்து வீட்டில் இரண்டு நாளாய் அடுப்புப் புகையவில்லை என்று அறிந்தோம். ஒரு பாத்திரம் நிறைய அரிசி கொடுத்தனுப்பினோம். அந்த வீட்டு அம்மாள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். மறுநாள் பாத்திரம் திரும்பி வந்தது. அதன் அடியில் ஒரு பிடி பாசிப்பயறு! இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்பது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? அதன் பிறகு அந்த அம்மாள் நம் வாசல் வழியே நடப்பதையே விட்டுவிட்டாள். தர்மம் செய்தோம், ஆனால் ஓர் அண்டை வீட்டாரை இழந்தோம்.

பசி ஒரு துன்பம். கை நீட்டுவது அதனினும் பெரிய துன்பம். 1876-ஆம் ஆண்டில் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் அன்னிய அரசாங்கம் செய்த 'உபகாரம்' எத்தகையது? நாளெல்லாம் மண் சுமந்த ஆண்மகனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று ஸர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். உயிரைக் காப்பதாகச் சொல்லி மானத்தையும் உடலையும் ஒருங்கே வதைத்த சகாயம் அது.

தாழ்வு இல்லாமல் உதவி பெற வழி உண்டா? உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், கலப்பட மாவுக்கும் கள்ளத் தராசுக்கும் ஆளான நெசவாளர் முதலிய 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ல் ஒரு சிறு கடை திறந்தார்கள். கடையில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் நொய், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். சரியான எடை, கலப்படமற்ற சரக்கு, ஆளுக்கு ஒரு வோட்டு; வரும் லாபம், வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தினருக்கே. அங்கே ஏழை யாசகனாக நுழையவில்லை, எஜமானனாக நுழைந்தான்! நம் சென்னையிலும் 1904-ல் திருவல்லிக்கேணியில் நடுத்தர வகுப்பினர் சிலர் இதே வழியில் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினர். அது இன்றும் நடைபெற்று வருகிறது.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுபவை. 1997-ல் மத்திய அரசாங்கம் ஏழைகளைத் தனியே பிரித்துக் கார்டு கொடுக்க முற்பட்டபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் பொதுவென்னும் முறையைக் கைவிடவில்லை. எல்லோரும் நிற்கத்தக்க வரிசையில் நிற்பவனுக்கு வெட்கம் எதற்கு? அந்த அரிசியால் கரிசல் காட்டு ஐப்பசியின் கொடுமை வெகுவாகத் தணிந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஒரு குறை உண்டு. அரிசி வெளியூரிலிருந்து வருகிறது. அளவும் விதியும் மேலிடத்திலிருந்து வருகின்றன. இதற்கிடையில் நம் கம்பு விளைந்த நிலங்கள் பலவற்றில் கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் விளைகிறது. ஊராரின் தானியமும் ஊராரின் யோசனையும் ஒன்றாகச் சேர இடமில்லை.

அதற்கு வழி காட்டியவர்கள் தெலுங்கு நாட்டு ஜஹீராபாத் பக்கத்துக் கிராமப் பெண்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரான அவர்கள், டெக்கான் டெவலப்மெண்ட் சொஸைட்டி என்னும் ஸ்தாபனத்தின் துணையுடன் சங்கங்களாகக் கூடினார்கள். அது 1983-ல் ஏற்பட்ட ஸ்தாபனம். 1990-களில் அப்பெண்கள் தரிசாகக் கிடந்த மானாவாரி நிலங்களுக்கு முன்பணம் கொடுத்துச் சோளம் பயிரிடச் செய்தார்கள். கடனைத் தானியமாகவே திரும்ப வாங்கி ஊரிலேயே சேமித்தார்கள். பஞ்ச மாதங்களில் அதைக் குறைந்த விலைக்கு ஏழைகளுக்கு விற்றார்கள். யார் ஏழை என்பதை எந்த அதிகாரியும் தீர்மானிக்கவில்லை. ஊரின் படத்தைத் தரையில் வரைந்து, வீடு வீடாக யோசித்து, ஊராரே தீர்மானித்தார்கள். அதிக வறுமையுள்ள வீட்டுக்கு அதிகப் பங்கு. இலவசம் அல்ல, விலை உண்டு. அந்த விலையிலேதான் கௌரவம் இருக்கிறது.

கரிசல் நாட்டுக்கு இது புதிதல்ல. 1906-ல் ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரம் பிள்ளை, 25 ரூபாய்ப் பங்குகளாகச் சேர்த்துக் கடலில் கப்பல் விட முனைந்தாரே! பங்கு சேர்ந்து கப்பல் விட்ட மண்ணில் ஒரு குலுக்கை நிரப்ப முடியாதா?

தையில் வீட்டுக்கு ஒரு மரக்கால் கம்போ சோளமோ பயறோ சேர்ப்போம். ஐப்பசியில் வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். மறு தையில் ஒரு படி கூட்டி அளக்கட்டும். மழை பொய்த்தால் மறு வருஷம் அளக்கட்டும். கொடுத்தவர் பெயரும் எடுத்தவர் பெயரும் ஒரே கணக்குப் புத்தகத்தில், ஒரே மையில் எழுதப்படட்டும். மாதம் ஒரு முறை கணக்கை ஊர் மந்தையில் உரக்க வாசிப்போம்.

அப்படியொரு குலுக்கை அன்று நம் தெருவில் இருந்திருந்தால், அந்த அம்மாள் தனக்குரிய பங்கைத் தானே அளந்து எடுத்துக்கொண்டு, நம் வாசல் வழியாகவே நிமிர்ந்து நடந்து போயிருப்பாள்.