ஆற்றோடு நாலு நாள் போகணும்னா என்னென்ன வேணும்?



இந்த மாதச் சுவர் இதழுக்கு "சுற்றுலா" என்று தலைப்பு கொடுத்தார்கள். மாமல்லபுரம், ஊட்டி, ஏற்காடு எல்லாவற்றையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு பேர் கொடுத்துவிட்டார்கள். நான் "ஆற்றுப் பயணம்" என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. ஏனென்றால் நமக்கு ஆறு என்றால் பாலாறு, பாலாறு என்றால் மணல். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, வயலூர் கிட்ட கடலில் சேருகிற பெரிய ஆறுதான். ஆனால் வருஷத்தில் பாதி நாள் நாம் அதை நடந்தே தாண்டிவிடுகிறோம். இதில் எங்கே படகு விடுவது?

ஆனால் எனக்கு ஒரு வசதி உண்டு. என் சித்தியைப் பென்னாகரத்தில் கொடுத்திருக்கிறது. சித்தப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். போன மே மாத லீவில் பத்து நாள் அங்கே இருந்தேன். படகில் பல நாள் போய், ராத்திரி கரையில் கூடாரம் போட்டுத் தங்குகிற பயணத்தை டி.வி.யில் பார்த்திருந்ததால், "சித்தப்பா, அந்த மாதிரி போகணும்னா என்ன எடுத்துக்கணும்?" என்று கேட்டேன். துணி, டார்ச் லைட், பிஸ்கட் என்று சொல்வார் என நினைத்தேன். அவர், "இன்னிக்கு பேப்பர் பார்த்தியா பாப்பா?" என்று கேட்டார்.

பேப்பரில் என்ன இருக்கிறது? நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஒகேனக்கல் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி" என்று ஒரு சின்னச் செய்தி அடிக்கடி வரும். காவிரி தமிழ்நாட்டுக்குள் வருகிற இடத்தில் பிலிகுண்டுலு என்ற ஊரில் மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிறது. அந்தக் கணக்குதான் அது. ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர். விநாடிக்கு 8,000 கன அடி என்று போட்டிருந்தால் ஒரு விநாடிக்கு சுமார் 2,26,000 லிட்டர். நம் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் 19 லாரி நம்மைத் தாண்டிப் போகிறது! 2018 ஆகஸ்டில் அது இரண்டு லட்சம் கன அடியைத் தொட்டது. லாரிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தண்ணீர் அதிகமானால் கலெக்டர் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார். தடை நீங்கும் வரை சித்தப்பாவுக்கு வருமானம் கிடையாது.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், ஒகேனக்கல்லில் வெயில் கொளுத்தும்போதே தண்ணீர் ஏறும். மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால், மறுநாளோ அதற்கு மறுநாளோ இங்கே வந்து சேரும். அதனால் ஆற்றுப் பயணம் போகிறவர்கள் தலைக்கு மேலே இருக்கிற வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலே எந்த ஊரில் மழை, எந்த அணையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் தேதி குறிக்க வேண்டும். நாலு நாள் பயணம் என்றால் நாலு நாளுக்கும் அந்தக் கணக்கு தேவை.

அடுத்தது, எங்கே படுப்பது? இதற்குப் பாடம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்குப் போய்விட்டு, பாலாற்றுக்கு வருவார். மணலில் பள்ளம் தோண்டி ஊறல் உற்சவம் நடக்கும். நாங்கள் குடும்பத்தோடு போவோம். சின்ன வயதில் எனக்கு அந்த மணலில் படுத்துக்கொள்ள ரொம்ப ஆசை. மெத்தை மாதிரி இருக்கும். எங்கள் தாத்தா மட்டும் விடமாட்டார். "ஆத்துல படுக்காதே, கரைக்கு ஏறு" என்று எழுப்பிக் கூட்டிப் போய்விடுவார். பொட்டுத் தண்ணி இல்லாத ஆற்றில் என்ன பயம் என்று நான் அழுதிருக்கிறேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் அஞ்சாவது. நாங்கள் புளியோதரை சாப்பிட்ட இடம் எது என்றே தெரியவில்லை. கரையிலிருந்து கரை வரைக்கும் செம்மண் தண்ணீர். வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், சீமைக்கருவேல மரத்தில் வைக்கோலும் கந்தல் துணியும் என் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டு தொங்கின. சித்தப்பா இதைத்தான் சொன்னார். கூடாரம் போடுவதற்கு முன்னால் சுற்றியுள்ள செடி, மரத்தைப் பார்க்கணுமாம். காய்ந்த செத்தை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறதோ அது வரைக்கும் தண்ணீர் வந்திருக்கிறது. அதற்கும் மேலே இடம் பார்த்துப் படுக்கணும். படகையும் இழுத்து மேலே போட்டு மரத்தில் கட்டணும். படுக்கிறதுக்கு முன்னால் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு வைத்து, எழுந்து எழுந்து பார்க்கணும். குச்சி நனைந்தால் எல்லாரையும் எழுப்பிவிட வேண்டியதுதான்.

ஆனால் ஒகேனக்கல்லில் நாம் அப்படிப் போய்த் தங்கிவிட முடியாது. பரிசல் சவாரி கொஞ்ச நேரம்தான். சுற்றியிருக்கிற காடு 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் ஆகிவிட்டது. யானை தண்ணீர் குடிக்க வரும், முதலையும் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பல நாள் படகுப் பயணம் நம் நாட்டில் நடப்பது வடக்கே. ரிஷிகேசத்துக்கு மேலே கௌடியாலாவிலிருந்து கங்கையில் சுமார் 36 கிலோமீட்டர் ரப்பர் படகில் வருவார்கள். முன்பு அந்த மணல் திட்டுகளிலேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். குப்பை சேருகிறது என்று வழக்குப் போய், 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே கரையில் தங்கத் தடை போட்டது. லடாக்கில் ஜன்ஸ்கார், அருணாசலப் பிரதேசத்தில் சியாங் ஆகிய ஆறுகளிலும் பல நாள் பயணங்கள் உண்டு. இரண்டுக்கும் காலம் வேறு வேறு. ஜன்ஸ்கார் பனி உருகி வருகிற ஆறு, குளிர்காலத்தில் உறைந்து தரையாகிவிடும். அதனால் கோடையில்தான் போகணும். சியாங் மழைக்காலத்தில் பொங்கும். அதனால் அங்கே மழை நின்ற பிறகு, குளிர்காலத்தில் போகிறார்கள். ஜன்ஸ்காரில் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவில் பயந்துபோய் "நான் வரலை, வீட்டுக்குப் போறேன்" என்றால் பல இடத்தில் ஏற வழியே கிடையாது. இதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

படகைப் பற்றிக் கொஞ்சம். நம் பரிசல் மூங்கிலால் பின்னியது. அடியில் பிளாஸ்டிக் ஷீட்டு வைத்துத் தார் பூசுவார்கள். வட்டமாக, தட்டையாக இருப்பதால் பாறை மேலே கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே தாண்டிவிடும். ஒருத்தரே தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போவார். ரப்பர் படகில் காற்று அறைகள் தனித்தனியாக இருக்கும். ஒரு அறை கிழிந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். ஆற்றின் வேகத்துக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் போட்டிருக்கிறார்கள். ஒன்று சும்மா அலை, ஆறு உயிருக்கே ஆபத்து. நம்மில் யாருக்கு ரொம்பக் கம்மியாகத் தெரியுமோ அவரை வைத்துத்தான் ஆற்றைத் தேர்ந்தெடுக்கணும்.

தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று சித்தப்பா பாறை மேலே படுத்தே காட்டினார். மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, தண்ணீர் போகிற பக்கமே போகணும். எழுந்து நிற்கவே கூடாது! ஓடுகிற தண்ணீரில் நின்றால் பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பின்னால் வருகிற தண்ணீர் நம்மை முன்பக்கம் அமுக்கிவிடும். இடுப்பளவு தண்ணீரிலேயே இப்படி நடக்குமாம். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டையையும் இறுக்கிக் கட்டணும். இல்லாவிட்டால் ஜாக்கெட் மட்டும் மேலே வந்துவிடும், ஆள் வரமாட்டார்.

இதை எழுதும்போது எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஞாபகம் வருகிறது. பிளஸ் டூ படித்தார். பாலாற்றில் மணல் அள்ளின பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றபோது குளிக்கப் போனார். ஓரத்தில் முழங்கால் அளவுதான் இருந்ததாம், அடுத்த அடி ஆழம். அவருக்கும் நீச்சல் தெரியாது, கூடப் போன மூன்று பேருக்கும் தெரியாது. நம் வகுப்பில் 38 பேர். போன வாரம் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். நீச்சல் தெரிந்தவர்கள் 5 பேர், அதில் பெண்கள் ஒருத்தி கூட இல்லை. நானும் இல்லை. இத்தனை குளம் இருக்கிற ஊர் நம்ம ஊர்.

சாப்பாட்டுக் கணக்கு சுலபம். எட்டு பேர், நாலு நாள், ஆளுக்கு அரைக் கிலோ அரிசி என்றால் 16 கிலோ. ஆனால் தண்ணீர் ஏறி இரண்டு நாள் ஒரே இடத்தில் உட்கார வேண்டி வரலாம். அதற்கும் சேர்த்து 24 கிலோ. இதில் முக்கியம், எல்லாவற்றையும் ஒரே படகில் ஏற்றக் கூடாது. அமெரிக்காவில் 1869-ல் ஜான் வெஸ்லி பவல் என்பவர் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாகப் போனார். போரில் ஒரு கையை இழந்தவர். பத்து ஆள், நாலு படகு, பத்து மாதச் சாப்பாடு. சாமானைப் படகுகளில் பிரித்து வைத்தார். ஜூனில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. பிரித்து வைத்ததால் மற்றவர்கள் பிழைத்தார்கள். ஆனாலும் மாவு நனைந்து பூசணம் பூத்தது, பன்றிக்கறி கெட்டது. கடைசியில் பழைய மாவும் காய்ந்த ஆப்பிளும் காப்பியும்தான் மிச்சம். ஆகஸ்ட் 28-ம் தேதி ஒரு பயங்கரமான நீரோட்டத்தைப் பார்த்து மூன்று பேர் "இனி முடியாது" என்று மலை ஏறிப் போய்விட்டார்கள். மற்ற ஆறு பேரும் மறுநாளே பள்ளத்தாக்கைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். மேலே ஏறிப் போன மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். எனக்கு இதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அவர்களிடம் வரைபடம் கிடையாது. இன்னும் ஒரு நாள்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நனையாமல் கட்டுவதற்கு எங்கள் அப்பாவிடம்தான் கற்றுக்கொள்ளணும். எங்கள் வீட்டில் குழித்தறி. ஐப்பசி, கார்த்திகையில் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும், வேலை நின்றுவிடும். பட்டு நனைந்தால் போச்சு. அப்பா பாவை முதலில் பழைய வேட்டியில் சுற்றுவார், அதற்கு மேலே பாலித்தீன், வாயை முறுக்கி மடித்து இன்னொரு கட்டு, அதற்கும் மேலே இன்னொரு பாலித்தீன். படகுக்காரர்கள் வைத்திருக்கிற தண்ணீர் புகாத பையும் இதே மாதிரிதான், வாயை மூன்று நாலு மடிப்பு மடித்துப் பூட்டுகிறார்கள்.

கழிவறை பற்றி எழுதினால் சிரிப்பீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன். ஆற்றிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளிப் போய்ப் பள்ளம் தோண்டி மூடணும். கிராண்ட் கேன்யனில் இப்போது அதுவும் கூடாது. பெட்டியில் அடைத்துப் படகிலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம்! குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்கணும். பெண்பிள்ளைகள் போனால் மறைவான இடம் பார்த்துத் தார்ப்பாய் கட்டுவது முதல் வேலை. இதை ஆண்கள் எழுதின எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. ஆற்றோடு போகிறவர்களில் சேராத ஒருத்தர், வீட்டில் இருக்கிறவர், வேண்டும். யார் யார் போகிறோம், எந்த ராத்திரி எங்கே தங்குவோம், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாருக்கு போன் பண்ணணும் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுக்கணும். காட்டுக்குள் செல்போன் டவர் கிடைக்காது.

நான் என் தாளை எழுதிவிட்டேன். அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "முதல்ல நீச்சல் கத்துக்கிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். சித்தப்பா வருகிற மே மாதம் ஆழமில்லாத இடத்தில் கயிறு கட்டிச் சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறார், தண்ணீர் கம்மியாக இருந்தால். நான் தினமும் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி